வாய்தாவுக்கு அழைத்து வரப்படாதவர்கள்

நீதிமன்ற வாசலில் டவாலி பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்கு உரியவர் வந்து நிற்கவில்லை என்றால், அதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும்.

ஒருவர் ஜாமீனில் வெளியே இருப்பவர். வசதி உள்ளவர். அன்றைக்கு அவருக்கு வயிற்று வலி, அல்லது உறவினர் வீட்டுக் காரியம். அவருடைய வக்கீல் எழுந்து ஒரு மனு கொடுப்பார். '317 போட்டாச்சு' என்று குமாஸ்தாக்கள் சொல்வார்களே, அந்த மனு. புதிய சட்டத்தில் அதன் எண் 355. மனு ஏற்கப்படும், வாய்தா தள்ளிப்போகும்.

இன்னொருவர் சிறையில் இருப்பவர். காலையிலேயே குளித்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்றைக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவார்கள் என்று காத்திருந்தவர். அவரைக் கூட்டிவர ஆயுதப்படைக் காவலர்கள் இல்லை. மேல்மலையனூர் அமாவாசைக்குப் பந்தோபஸ்து, திருவண்ணாமலை பௌர்ணமிக்குப் பந்தோபஸ்து, அமைச்சர் வருகைக்குப் பந்தோபஸ்து. 'வழிக்காவல் இல்லை' என்று ஒரு வரி எழுதி வரும். அவருக்கும் வாய்தா தள்ளிப்போகும்.

நீதிமன்றக் குறிப்பேட்டில் இரண்டுமே 'எதிரி ஆஜராகவில்லை' என்றுதான் இருக்கும். முதலாமவர் தானாக வரவில்லை. இரண்டாமவரை வரவிடவில்லை. முதலாமவர் தாமதத்தை விலைக்கு வாங்குகிறார். இரண்டாமவர் அதே தாமதத்துக்குத் தன் ஆயுளைக் கொடுக்கிறார். தன்மீது சுமத்தப்பட்ட வழக்கு நடக்கும்போது தான் அங்கே இருக்க வேண்டும் என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. அந்த உரிமையைப் பற்றி இந்தப் பத்தியில் நாம் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம், இரண்டாவது வரிசையில் நிற்பவர்களில் நம் சேரிகளிலிருந்தும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் போனவர்கள் மிகுதி என்பதுதான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி, 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்கு மேல் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். அந்த விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்புப்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. நம் பங்குக்கு மேல் நமக்குக் கிடைத்திருக்கும் இடங்களில் சிறையும் ஒன்று.

கோவலனை யாரும் கேட்கவில்லை

பள்ளியில் சிலப்பதிகாரம் படித்த எல்லோருக்கும் கண்ணகி பாண்டியன் அவையில் நின்று வழக்குரைத்தது தெரியும். ஆனால் அந்த அவையில் நின்றிருக்க வேண்டியவர் கோவலன். அவரை யாரும் அழைத்து வரவில்லை. பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான், காவலரை அனுப்பினான். போன காவலரிலேயே ஒருவர், இவரைப் பார்த்தால் கள்வராகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார். கள்வரின் தந்திரங்களை அடுக்கிச் சொல்லி அந்தத் தயக்கத்தையும் பொற்கொல்லன் அடக்கிவிடுகிறான். கோவலனிடம் ஒரு கேள்விகூட இல்லை.

கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? 'இதன் இணைச் சிலம்பு என் மனைவியிடம் இருக்கிறது. அரசியின் சிலம்பில் என்ன பரல் என்று பாருங்கள், எங்கள் சிலம்பில் மாணிக்கம்' என்று சொல்லியிருப்பார். வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். மதுரையும் எரிந்திருக்காது. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் நமக்குக் கிடைக்காது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமே தெரிந்த உண்மை ஒன்று இருக்கும். சாட்சி பொய் சொல்லும்போது, 'அன்றைக்கு அந்த ஆள் ஊரிலேயே இல்லை' என்று தன் வக்கீலின் காதில் சொல்ல அவரால்தான் முடியும். வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த ஊரின் சந்தும் வரப்பும் அவருக்குத் தெரியாது.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. விசாரணையில் எடுக்கப்படும் சாட்சியம் எல்லாம் எதிரியின் முன்னிலையில், அவர் நேரில் வருவதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தால் அவருடைய வக்கீலின் முன்னிலையில் பதிவாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 273-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 308-ஆம் பிரிவு. (சட்டத்தின் பெயரே நம் நாக்கில் நுழையவில்லை, அது வேறு வழக்கு.) சாட்சியம் எதிரிக்குப் புரியாத மொழியில் இருந்தால், அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்திலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது 314-ஆம் பிரிவு. ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் நீதிபதியும் இரண்டு வக்கீல்களும் பேசி முடித்துவிட்டால் அது முன்னிலை ஆகாது. உடம்பு வந்தால் போதாது, காதும் வாயும் வந்திருக்க வேண்டும். இந்தியா 1979-இல் ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவும், ஒருவரை அவர் முன்னிலையில் விசாரிப்பதை அவருடைய உரிமையாகவே எழுதியிருக்கிறது.

நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். யாருக்கு எதிரி? முதல் தகவல் அறிக்கை எழுதிய நாளிலேயே ஒருவரை எதிரி ஆக்கிவிடுகிறோம். செய்தித்தாள்கள் ஒரு படி மேலே போய்க் 'குற்றவாளி கைது' என்று போட்டுவிடுகின்றன. சொல் முதலில் தீர்ப்பு எழுதிவிட்டால், ஆள் வந்தாரா வரவில்லையா என்று பிறகு யார் கவலைப்படப் போகிறார்கள்?

இருபத்து நான்கு மணி நேரம்

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது உறுப்பு. இந்த உறுப்பு அரசமைப்புக்குள் வந்த விதம் நம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உயிரையும் உரிமையையும் பற்றிய இன்றைய 21-ஆவது உறுப்பில் 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி' என்று மட்டுமே எழுதியது போதாது, நாடாளுமன்றம் எந்த நடைமுறையையும் வகுத்துக்கொள்ள அது இடம் கொடுத்துவிடும் என்று அரசியல் நிர்ணய சபையில் பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறையை ஈடுசெய்வதற்காக 1949 செப்டம்பரில் அண்ணல் அம்பேத்கர் '15-ஏ' என்ற புதிய பிரிவை முன்மொழிந்தார். அதுதான் பின்னர் 22 ஆனது. காவல் நிலையத்தின் பூட்டிய அறைக்கும் நீதிமன்றத்தின் திறந்த கூடத்துக்கும் இடையே அண்ணல் போட்ட பாலம் அது.

பாலத்தின் மறுகரையில் நிற்கும் நடுவர் நிமிர்ந்து பார்த்தால்தான் பாலத்துக்குப் பயன். பீகார் மாநிலம் பாகல்பூரில் கைதிகளின் கண்களில் ஊசியும் அமிலமும் செலுத்திப் பார்வையைப் பறித்த கொடுமை 1980-இல் வெளியே வந்தது. காத்ரி வழக்கு என்ற பெயரில் அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்தக் கைதிகளில் சிலர் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தப்படவே இல்லை என்பதும், ஆளைப் பார்க்காமலேயே காவல் நீட்டிப்பில் கையெழுத்துப் போடப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தன. கண் போனவர் நேரில் வந்து நின்றிருந்தால் எந்த நடுவரால் அதைக் காணாமல் இருக்க முடியும்? முதன்முதலாக நடுவர் முன் நிறுத்தப்படும் நேரத்திலிருந்தே இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் சொன்னது.

நாற்பது ஆண்டு கழித்து, 2020 ஜூனில், நம் சாத்தான்குளம். காவல் நிலையத்தில் இரவு முழுக்க அடிபட்ட தந்தையும் மகனும் காவலுக்கு உத்தரவு வாங்கப்பட்டுக் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். அவர்களைக் கிட்டத்தில் அழைத்துப் பார்க்காமலேயே காவலுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அன்று தமிழ்நாடு முழுவதும் எழுந்தது. அவர்கள் தலித்துகள் அல்லர். கடை வைத்திருந்த வணிகர்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், கேட்க நாதியற்ற கூலிக்காரரின் கதியை நாம் சொல்ல வேண்டியதில்லை. நேரில் நிறுத்துவது என்பது ஒரு சடங்கு அன்று. அடிபட்ட உடம்பைக் காவல் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் பார்க்கும் முதல் வாய்ப்பு அது.

திரைக்குள் தெரியும் முகம்

வழிக்காவல் இல்லாத குறைக்கு மருந்தாகக் காணொலி வந்தது. 2009-ஆம் ஆண்டு இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, போலீஸ் காவலில் வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஆளை நேரில் நிறுத்தியாக வேண்டும். ஆனால் சிறையில் இருப்பவரின் நீதிமன்றக் காவலை நீட்டிக்கக் காணொலி போதும். புதிய சட்டத்தின் 187-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அதோடு நிற்காமல், சாட்சி விசாரணையில் எதிரியின் முன்னிலை என்பதையே காணொலி வழியாகவும் நிறைவேற்றலாம் என்று 308, 355, 530 ஆகிய பிரிவுகள் வழி திறந்துவிட்டிருக்கின்றன.

காணொலியை நாம் முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் விலங்கோடு பேருந்தில் ஊர் பார்க்க அழைத்துப் போகப்படும் அவமானம் அதில் இல்லை. நான்கு மணி நேரம் வேனில் குலுங்கிப் போய், 'அடுத்த வாய்தா' என்ற ஒரே சொல்லைக் கேட்டுவிட்டுத் திரும்பும் அலைச்சலும் இல்லை. காவல் நீட்டிப்புக்கு அது உதவட்டும். ஆனால் அங்கேயும் நடப்பது என்ன? பெயர் சொல்லப்படுகிறது, திரையில் ஒரு தலை தெரிகிறது, தேதி சொல்லப்படுகிறது, அடுத்த தலை வருகிறது. சிறையில் மருந்து கிடைக்கவில்லை, அடித்தார்கள், வக்கீல் வந்து பார்த்து மூன்று மாதம் ஆகிறது என்பதை எல்லாம் எப்போது சொல்வது? சொல்ல நினைக்கும்போது பக்கத்தில் நிற்பவரே சிறைக் காவலர் என்றால் எப்படிச் சொல்வது?

வாய்தா என்பது கைதிக்கு நீதிபதியைப் பார்க்கும் நாள் மட்டுமில்லை. வெளியுலகத்தைப் பார்க்கும் நாளும் அதுதான். சிறை மனு போட்டுப் பார்க்க வழி தெரியாத அம்மாவும் மனைவியும், கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். வேனிலிருந்து இறங்கி நடக்கும் அந்த இருபது அடி தூரத்தில்தான் குழந்தை அப்பாவைப் பார்க்கும், வக்கீலிடம் இரண்டு வார்த்தை பேச முடியும். காணொலி இந்த இருபது அடியை எடுத்துவிடுகிறது. காவல் நீட்டிப்புக்குக் காணொலி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சாட்சிகளை விசாரிக்கும் நாளிலும், நீதிபதி எதிரியிடம் நேரடியாகக் கேள்வி கேட்கும் நாளிலும், தீர்ப்பு நாளிலும், கைதி நேரில் வேண்டும் என்று கேட்டால் நேரில்தான் கொண்டுவர வேண்டும். தேர்வு கைதியுடையதாக இருக்க வேண்டும். ஆயுதப்படையின் ஆள் பற்றாக்குறை அதைத் தீர்மானிக்கக் கூடாது.

செங்கல் சூளைக்குப் போனவர் தலைமறைவா?

புதிய சட்டத்தில் இதையும் தாண்டிய ஒரு பிரிவு இருக்கிறது. 356. 'பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி' என்று அறிவிக்கப்பட்டவர் விசாரணைக்குத் தப்பி ஓடிவிட்டார், உடனே பிடிக்கும் வாய்ப்பு இல்லை என்றால், அவர் இல்லாமலேயே வழக்கை நடத்தி, தீர்ப்பும் சொல்லிவிடலாம். விசாரணையில் நேரில் இருக்கும் உரிமையை அவராகவே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். தண்டனை வந்தால், அவர் நேரில் வந்து நின்றால்தான் மேல்முறையீடு. அதுவும் தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுக்குள். அதன் பிறகு கதவு மூடிவிடும்.

பாதுகாப்புகள் இல்லாமல் இல்லை. 30 நாள் இடைவெளியில் இரண்டு பிடிவாரண்டுகள் பிறப்பிக்க வேண்டும். கடைசியாகக் குடியிருந்த பகுதியில் வெளியாகும் நாளிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டும். வீட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். குற்றச்சாட்டு வனைந்து 90 நாள் கழித்தே விசாரணை தொடங்க வேண்டும். வக்கீல் இல்லை என்றால் அரசு செலவில் வக்கீல் வைக்க வேண்டும். தாளில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். அறுவடை முடிந்ததும் காலனியில் பாதி வீடு பூட்டிவிடும். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள், கரும்பு வெட்டப் போனவர்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள். சம்மன் கொண்டுவரும் காவலர் பூட்டைப் பார்த்துவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதுவார். இரண்டு முறை எழுதினால் 'தலைமறைவு'. முன்பணம் வாங்கிக்கொண்டு சூளையில் மாட்டிக்கொண்டவர் ஆறு மாதத்துக்கு ஊர் திரும்ப முடியாது. அவர் இந்த நாளிதழை வாங்கிப் படித்து, நான்காம் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் வந்திருக்கும் நீதிமன்ற அறிவிப்பில் தன் பெயரைக் கண்டுபிடித்து ஓடிவருவார் என்று சட்டம் எதிர்பார்க்கிறது.

இது கொலை வழக்குக்கு மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் எதுவானாலும் பிரகடனம் செய்யலாம். இரவில் வீடு புகுந்து திருடியதாகப் போடும் வழக்குக்கே 14 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஊரில் எங்கே பூட்டு உடைந்தாலும் காவல் துறை வாகனம் முதலில் எந்தக் குடியிருப்புக்குப் போகும் என்று இருளர்களையும் குறவர்களையும் கேட்டுப் பாருங்கள்.

'தலைமறைவு' என்ற ஒரு சொல்லை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1993-இல் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு திருட்டு வழக்கில் பிடித்துக்கொண்டு போகப்பட்டார். அவர் தப்பியோடிவிட்டார் என்றது காவல் துறை. உண்மையில் அவர் காவலிலேயே கொல்லப்பட்டிருந்தார். அவருடைய மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு, அன்று வழக்கறிஞராக இருந்த சந்துரு வாதாடியதால்தான் உண்மை வெளியே வந்தது. 2021-இல் 'ஜெய்பீம்' படம் பார்த்துக் கண்ணீர் விட்ட நாம், அந்தக் கதையின் முடிச்சே 'தப்பியோடிவிட்டார்' என்ற ஒரு வரிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆளைக் கொண்டுவந்து காட்டு என்று நீதிமன்றம் கேட்டதால் அந்த வரி உடைந்தது. ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வழக்கை நடத்தலாம் என்று சட்டமே சொல்லும் காலத்தில், அப்படி ஒரு வரியை உடைப்பது இன்னும் கடினமாகும்.

நம் எதிராளிக்கும் இந்த உரிமை உண்டா?

இங்கே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. வன்கொடுமை வழக்குகளில் ஓடி ஒளிபவர்கள் யார்? ஆணவக் கொலை செய்துவிட்டு மாதக் கணக்கில் தலைமறைவாகத் திரிந்தபடி, பேட்டி கொடுத்தபடி, நம்மைக் கேலி செய்தவர்கள் யார்? வாய்தா வாய்தாவாக 317 போட்டு, சாட்சிகள் சலித்துப் பிறழும்வரை இழுப்பவர்கள் யார்? அவர்கள் இல்லாமலேயே வழக்கை முடித்துவிடலாம் என்றால் நாம் ஏன் தடுக்க வேண்டும்?

கோபம் நமக்கும் உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக வருகிறது. ஓடிப்போனவரைத் தேடிப் பிடிப்பது காவல் துறையின் வேலை. நாற்காலி காலியாக இருந்தாலும் வழக்கு நடக்கும் என்றால், செல்வாக்குள்ளவரைத் தேடாமல் இருக்க அதுவே நல்ல சாக்காகிவிடும். தாளில் தண்டனை இருக்கும், ஆள் வெளியே இருப்பார். நமக்கு வேண்டியது தாள் இல்லை. சாட்சியம் வீணாகிவிடுமே என்ற கவலைக்குப் பழைய சட்டத்தின் 299-இலேயே வழி இருந்தது. இப்போது அது 335. தலைமறைவானவர் இல்லாமலேயே சாட்சியத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு அவர் பிடிபடும்போது, அந்தச் சாட்சி இறந்துவிட்டிருந்தாலோ வர முடியாத நிலையில் இருந்தாலோ அந்தப் பதிவு பயன்படும். சொத்தை முடக்கவும் சட்டம் இருக்கிறது. நிலமும் ரைஸ் மில்லும் இருப்பவரை ஊர் திரும்ப வைக்க அது போதும். சூளைத் தொழிலாளியிடம் முடக்கச் சொத்து இல்லை. அவரைத்தான் 356 வசமாகப் பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. எதிரியை எதிரே நிறுத்தி, அவர் வக்கீலின் குறுக்கு விசாரணையைத் தாங்கி, அதன் பிறகு வாங்கிய தீர்ப்புதான் மேல்முறையீட்டில் நிற்கும். கோகுல்ராஜ் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் நடந்த கொலை. சாட்சிகள் பிறழ்ந்தார்கள். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. யுவராஜின் தண்டனையை 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சட்டம் கொடுத்த எல்லா வாய்ப்பும் கிடைத்த பிறகு வந்த தீர்ப்பு அது. 'எங்களைக் கேட்காமல் தண்டித்துவிட்டார்கள்' என்று சொல்ல அவர்களுக்கு இடம் இல்லை.

எதிரி முன்னிலையில் சாட்சி சொல்வது என்றால், எதிரியின் ஆட்கள் நாற்பது பேர் கோர்ட் வாசலில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பதற்கு நடுவே சொல்வது என்று பொருள் இல்லை. திரை மறைவிலிருந்து சாட்சி சொல்லவும், போலீஸ் பாதுகாப்போடு வரவும், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் வழி செய்கிறது. எதிரி கேட்க வேண்டும், ஆனால் மிரட்ட முடியக் கூடாது. இரண்டும் ஒரே கூடத்தில் சாத்தியம்.

முன்னிலை உரிமை எதிரிக்கு மட்டும் உரியதும் அன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15-ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் அதைக் கொடுத்திருக்கிறது. ஜாமீன் மனு உட்பட எந்த நடவடிக்கை என்றாலும் முன்கூட்டித் தகவல் தர வேண்டும், கேட்டால் பேச விட வேண்டும், வந்துபோகும் செலவும் தர வேண்டும். இது கட்டாயம் என்று 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'நமக்குத் தெரியாமல் ஜாமீன் கொடுத்துவிட்டார்கள்' என்று நாம் கொதிக்கிறோமே, அந்தக் கொதிப்பின் பின்னால் இருக்கும் நியாயமும் இதேதான். ஒருவரைப் பற்றிய முடிவு அவர் இல்லாத இடத்தில் எடுக்கப்படக் கூடாது. இந்த நியாயத்தை நமக்கு மட்டும் கேட்டால் அது சலுகை. எல்லோருக்கும் கேட்டால்தான் உரிமை.

என்ன செய்யலாம்?

வீட்டில் யாரையாவது கைது செய்தால் முதலில் கைதான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான். நடுவர் முன் நிற்கும்போது அடித்திருந்தால், கேட்காவிட்டாலும் சட்டையை விலக்கிக் காட்டிச் சொல்ல வேண்டும் என்று உள்ளே இருப்பவருக்குச் சொல்லி அனுப்புங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோரும் வருமானக் கணக்கு இல்லாமலேயே இலவச வக்கீலுக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100.

ஜாமீனில் இருப்பவர் வேலைக்காக வெளியூர் போவதாக இருந்தால், புதிய முகவரியையும் கைபேசி எண்ணையும் வக்கீலிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வர முடியாத நாளில் சும்மா இருந்துவிடக் கூடாது. வசதி உள்ளவர் போடும் அதே 355 மனு கூலிக்காரருக்கும் உண்டு. ஒரு நாள் கூலி போகுமே என்று வாய்தாவை விட்டால், பிடிவாரண்டு வந்து ஒரு மாதக் கூலி போகும்.

அரசிடம் நாம் கேட்பது பெரியது இல்லை. நீதிமன்ற வழிக்காவலுக்கு என்று தனியாக ஆள் ஒதுக்குங்கள். திருவிழாவுக்கு அவர்களை இழுக்காதீர்கள். எத்தனை கைதிகள், எத்தனை வாய்தாவுக்கு, என்ன காரணத்தால் அழைத்து வரப்படவில்லை என்ற கணக்கை மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிடுங்கள். 356-ஆம் பிரிவைக் கையில் எடுக்கும் முன், 'ஆள் இல்லை' என்ற காவலரின் ஒற்றை வரியோடு நிற்காமல், ஊராட்சியிடமும் வீட்டாரிடமும் விசாரித்து, வேலைக்குப் போனவரா ஓடிப்போனவரா என்று நீதிமன்றம் தெரிந்துகொள்ளட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில், மேலே சொன்ன அந்தக் கணக்கைக் கேட்டு இந்த மாதமே மனு போடுங்கள். சிறைத் துறைக்கு ஒன்று, மாவட்டக் காவல் துறைக்கு ஒன்று. இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இன்னொன்று: பாலியல் வழக்குகள் போன்ற சில நீங்கலாக, நம் குற்றவியல் நீதிமன்றங்கள் திறந்த நீதிமன்றங்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பின்வரிசையில் அமைதியாக உட்காரலாம். கல்லூரி விடுமுறையில் ஒரு வாரம் போய் உட்காருங்கள். யார் பெயர் கூப்பிடப்படுகிறது, யார் வருகிறார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், அழைத்து வர வண்டியும் கிடைக்கும், வழிக்காவலும் கிடைக்கும்.